அன்னம்மாளை அப்பாவிடம் விளக்குவது எப்படி?

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கி வருகிறவர்களுக்குப் பாலாவி ஒரு சந்தி மட்டும்தான். நேரே போனால் புத்தளம். இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குப் போகிறவரும், கருவாடு வாங்கப் போகிறவரும், தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போகிறவரும் இங்கேதான் திரும்ப வேண்டும். யூலை மாதக் கடைசியில் பாய், தலையணை, கிடாரம், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் கூரையில் கட்டிக்கொண்டு வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தச் சந்தியில் திரும்பும். நீங்கள் கத்தோலிக்கராகவும் உங்கள் தாய் தகப்பன் அப்படி இல்லாதவர்களாகவும் இருந்தால், அந்த முதல் வேன் திரும்பும் நாளில் உங்கள் வீட்டில் பிரச்சினை தொடங்கும்.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவர்களுக்கு. கலியாணத்தால் வேதத்துக்கு வந்தவர்கள், கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்கள், ஒரு வருத்தத்தின்போது யாரோ சொல்லித் தலவிலக்குப் போய் அங்கேயே மனதை விட்டுவிட்டு வந்தவர்கள். இவர்களுடைய பெற்றோர் சைவக்காரராக இருக்கலாம், அல்லது சபைக்குப் போகிற, இரட்சிக்கப்பட்ட கிறிஸ்தவர்களாக இருக்கலாம். இரண்டு வகைக்கும் வைத்தியம் வேறு. பிழையான மருந்தைக் கொடுத்தால் வருத்தம் கூடும். சரியான மருந்தைக் கொடுத்தாலும் குறையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சபைக்குப் போகிற அப்பா. இவர்தான் கடினம்.

வேதாகமத்தைத் திறக்காதீர்கள்

தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவில் மத்தியஸ்தர் ஒருவரே என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம், ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது. உங்கள் அப்பா இதைப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே சொல்லுவார். நீங்கள் பதிலுக்கு வெளிப்படுத்தலின் ஐந்தாம் அதிகாரத்தைத் தேடுவீர்கள். பரிசுத்தவான்களின் செபங்களைத் தூபக் கலசங்களில் ஏந்தி நிற்கும் மூப்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நீங்கள் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் அதே அதிகாரத்துக்கு வேறு விளக்கம் சொல்லி முடித்திருப்பார். கானாவூர்க் கலியாணத்தில் இரசம் தீர்ந்துபோனதை மாதா போய்ச் சொன்ன கதையை எடுப்பீர்கள். அவர் சிரிப்பார். அவர் சொல்கிறபடி செய்யுங்கள் என்று வேலைக்காரரிடம் சொன்னதும் அதே மாதாதானே, நீங்கள் ஏன் செய்யவில்லை என்பார்.

மக்கபேயர் இரண்டாம் நூலில், இறந்துபோன எரேமியா தன் மக்களுக்காக மன்றாடுவதாக ஒரு காட்சி வருகிறது. நல்ல ஆதாரம். உங்கள் வேதாகமத்தில் 73 புத்தகங்கள், அப்பாவின் வேதாகமத்தில் 66. மக்கபேயர் அந்த விடுபட்ட ஏழில் இருக்கிறது. அவருடைய புத்தகத்தில் இல்லாத சாட்சியை அவருடைய வழக்கில் கூப்பிட முடியாது.

இதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு. அன்னம்மாள் யாருடைய வேதாகமத்திலும் இல்லை. மாதாவின் தாய் அன்னாள், தகப்பன் சுவக்கீன் என்ற பெயர்கள் யாக்கோபின் பெயரால் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து வருகின்றன. திருச்சபை அந்த நூலை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு இது தெரியாமல் இருந்தால் தயவுசெய்து நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

எம்பியின் கடிதம் வேண்டாம்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பாலாவி முதல் நீர்கொழும்பு வரை இந்தக் கரையிலுள்ள கத்தோலிக்கரில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பிழையைத்தான் செய்கிறார்கள்.

புனிதரிடம் ஏன் போகிறாய் என்று கேட்டால் நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். பெரிய ஆளிடம் நேரே போக முடியுமா? அவருக்கு வேண்டிய ஒருவரைப் பிடிக்க வேண்டாமா? பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்ப்பதற்கு அதிபரிடம் நேரே போகிறோமா, எம்பியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போகிறோமா? இலங்கையில் பிறந்த யாருக்கும் இது உடனே விளங்கும். கிராம சேவகரின் கையெழுத்திலிருந்து கச்சேரிக் காணிப் பத்திரம் வரை ஆளைப் பிடித்தே வாழ்ந்த மக்கள் நாம்.

விளங்குவதுதான் இதிலுள்ள ஆபத்து. அப்பாவுக்கும் விளங்கும். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "அப்ப உங்கட கடவுள் கடிதம் இல்லாட்டி ஃபைலத் திறக்காத கந்தோர்க்காரரா, மகன்?"

இதற்குப் பதில் கிடையாது. ஏனென்றால் அவர் சொல்வது சரி. அந்த உதாரணம் புனிதரை உயர்த்தவில்லை, கடவுளை இறக்கிவிட்டது. தெரியாத ஒரு விஷயத்தைக் கடவுளிடம் போய்ச் சொல்வதற்கோ, மனமில்லாதவரை மசிய வைப்பதற்கோ புனிதர் தேவை என்று திருச்சபை எங்கேயும் போதிக்கவில்லை. அது போதிப்பது மிகச் சின்ன விஷயம்: கடவுளுக்குள் இறந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், உயிரோடு இருப்பவர்கள் ஒருவருக்காக ஒருவர் செபிப்பது வழக்கம், அவர்களும் செபிக்கிறார்கள். அவ்வளவுதான். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சுவாரசியம் இல்லாததால் யாரும் சொல்வதில்லை. எம்பியின் கடிதம் சுவாரசியமாக இருக்கிறது.

என் எண்ணத்தில், வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. பெற்றோர் எதிர்ப்பது திருச்சபையின் போதனையை அல்ல, உங்கள் நடைமுறையை. நடைமுறை என்ன என்று கொஞ்சம் பார்க்கலாமா? தலவிலயில் கேட்டது மூன்று மாதமாகக் கிடைக்கவில்லை என்றால் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறீர்கள். அவர் கெதியாகத் தருவார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார். காணாமல் போன திறப்புக்கு ஒருவர், தொண்டை நோவுக்கு ஒருவர், கடலில் போகிறவருக்கு ஒருவர் என்று இலாகா பிரித்து வைத்திருக்கிறீர்கள். இந்த முறை ஓ.எல். பரீட்சையில் மகன் பாஸ் பண்ணாவிட்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று ஒரு பாட்டியை, அதுவும் இயேசுவின் பாட்டியை, மிரட்டுகிறீர்கள். அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

அப்பா கண்டிக்கும் இதையெல்லாம் திரெந்துப் பொதுச்சங்கமும் கண்டித்திருக்கிறது. 1563 டிசம்பரில், புனிதர்களிடம் மன்றாடுவது நல்லது, பயனுள்ளது என்று ஆணை எழுதிய அதே அமர்வில், அதே ஆணையில், மூடப்பழக்கங்களையும் காசு பறிப்பையும் ஒழிக்க வேண்டும் என்று ஆயர்களுக்கு உத்தரவிட்டார்கள். முதல் பாதியைப் படித்துவிட்டு நீங்கள் தலவிலக்குப் போகிறீர்கள். இரண்டாம் பாதியை அப்பா படிக்காமலேயே கடைப்பிடிக்கிறார்.

லூதர் கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்

வாதத்தில் தோற்கும் நேரத்தில் நினைவுக்கு வரும் கதை இது. 1505 யூலை 2. எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் 21 வயதுப் பையன் ஒருவன், பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடி மின்னல். பக்கத்தில் விழுந்த மின்னலில் நடுங்கிப்போய், புனித அன்னம்மாளே காப்பாற்றும், நான் துறவியாகிறேன் என்று கத்துகிறான். உயிர் பிழைக்கிறான். இரண்டு வாரத்தில் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்துவிடுகிறான். பையனின் பெயர் மார்ட்டின் லூதர்.

ஆம், புரட்டஸ்தாந்து மதத்தைத் தொடக்கிய அதே லூதர், அதே அன்னம்மாள். சுரங்கத் தொழிலாளிகளின் பாதுகாவலி அவர். லூதரின் தகப்பன் ஹான்ஸுக்குச் செப்புச் சுரங்கத் தொழில். தலவிலயில் நீங்கள் மெழுகுதிரி கொளுத்தும் அம்மாளை, அப்பாவின் சபைக்கெல்லாம் மூத்தவர் கூப்பிட்டிருக்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள்.

ஏனென்றால் கதையின் மிச்சம் உங்களுக்கு எதிரானது. மகன் சட்டத்தரணி ஆவான் என்று காசு செலவழித்துப் படிப்பித்த ஹான்ஸ் கொதித்துப் போனார். 1507இல் மகனின் முதல் பூசைக்குப் பரிவாரத்தோடு குதிரையில் வந்தார், மடத்துக்குப் பணமும் கொடுத்தார். விருந்தில் பேச்சு வந்தபோது, தாய் தகப்பனை மதிக்க வேண்டும் என்ற கட்டளையை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று துறவிகளின் முன்னாலேயே கேட்டார். அந்த மின்னலில் நீ கண்டது பிசாசின் மாயமாக இருந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். மகனிடம் பதில் இல்லை. 14 வருடம் கழித்து, 1521இல், துறவற வாக்குகளுக்கு எதிராக எழுதிய நூலை லூதர் தகப்பனுக்கே காணிக்கையாக்கி, நீங்கள் சொன்னதுதான் சரி என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

ஆகவே அன்னம்மாளை முன்வைத்துத் தகப்பனும் மகனும் போட்ட சண்டைகளில் உலகப் பிரசித்தமானதில் தகப்பன் வென்றார். நீங்கள் கதையைத் தொடங்கினால் அப்பா முடித்து வைப்பார். (மகன் கடைசிவரை சட்டத்தரணி ஆகவில்லை என்பதையும் ஹான்ஸ் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன்.)

உள்ளூர் வரலாறும் அப்படித்தான். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. கத்தோலிக்கக் குருக்களுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இல் சட்டம் போட்டவர்கள் அவர்கள். புனிதர் வணக்கம் அவர்களுடைய கல்வினிய மதத்துக்கு ஆகாது. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார், சில வருடங்களில் ஒல்லாந்தரின் கைக்கு எட்டாத கண்டி இராச்சியத்துப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். நம் பக்கத்துக் கத்தோலிக்கம் அடங்கிப் பதுங்கி உயிர் பிழைத்தது அப்படித்தான். இதை உணர்ச்சியோடு சொல்லுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் 2015 சனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவரைப் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது, வழக்கமாகக் கேட்கும் இரண்டாவது அற்புதம் இல்லாமலே அறிவித்தார் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தால், பேச்சு அங்கிருந்து எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒத்துக்கொள்ளும் அம்மா

இப்போது சைவக்கார அம்மா. இவர் உங்களை எதிர்க்கமாட்டார். அதுதான் தொல்லை.

நீங்கள் ஞானஸ்நானம் எடுத்த நாளில் அம்மா இரண்டு நாள் அழுதிருப்பார். மூன்றாம் நாள் எழும்பித் தலைமுழுகி, அன்னம்மாள் படம் ஒன்று இருந்தால் கொண்டுவா என்று கேட்டிருப்பார். இன்று அந்தப் படம் சாமியறையில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் பூமாலையோடு இருக்கும். அம்மாவின் கணக்கில் நீங்கள் மதம் மாறவில்லை, வீட்டுக்கு ஒரு சாமி கூடியிருக்கிறது. முன்னேசுவரத்துக்கும் உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் போகிறவருக்குத் தலவில என்ன தூரமா? பாலாவி என்றால் திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தமும் சுந்தரர் தேவாரமும் நினைவுக்கு வருகிற சைவப் பரம்பரை அவர். ஊர்ப் பெயர்களே ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் கரையில் சாமிகள் கலப்பது அவருக்கு அதிசயமே இல்லை.

அவருடைய கேள்விகளுக்குத் தயாராக இருங்கள். அன்னம்மாவுக்கு எந்த நாள் விசேஷம்? கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய் என்று சொன்னால், "அட, நம்ம அம்மன்ட நாள்தானே" என்று சந்தோஷப்படுவார். என்ன படைக்கிறது? மச்சம் ஆகுமா? தீட்டுக் காலத்தில் போகலாமா? நீங்கள் அவரை உட்காரவைத்து, அன்னம்மாள் தெய்வம் இல்லை, தெய்வத்துக்குரிய ஆராதனை வேறு, புனிதருக்குரிய வணக்கம் வேறு, 787இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் இதைத் தீர்மானித்திருக்கிறது என்று விளக்கலாம். அம்மா முழுவதையும் கேட்பார். "சரி மகள், கும்புடுறது கும்புடுறதுதானே" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் அவிக்கப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தலவிலயில் முழங்காலில் நகர்ந்து போகும் உங்களையும், முன்னேசுவரத்தில் விழுந்து கும்பிடும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒருவருக்கு 787ஆம் ஆண்டு தெரியாது.

அடுத்த கட்டம் நேர்த்தி. மகளுக்குப் பிள்ளை கிடைத்தால் பேரனைத் தலவிலக்குக் கொண்டுவந்து மொட்டை போடுகிறேன் என்று அம்மா உங்களைக் கேட்காமலேயே அன்னம்மாளிடம் பேசி முடித்திருப்பார். பிள்ளையும் கிடைத்துவிடும். இப்போது கடன் யாருக்கு? திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இதற்கு இடம் இருக்கிறது. 1191ஆம் சட்டப்படி நேர்த்தி என்பது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, புனிதருக்கு அல்ல. 1193ஆம் சட்டப்படி அது நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும், வேறு யாரையும் அல்ல. ஆகவே நீங்கள் சட்டப்படி சுதந்திரமானவர். இந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் தலையாட்டிக்கொண்டே பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்ப்பார். வழக்கு முடிந்தது. பேரனின் முடியைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம், அது போய்விட்டது.

கத்தோலிக்கருக்கு உள்ளூர வலிக்கும் ஒரு விஷயம் இங்கே உண்டு. நீங்கள் அறிவோடு, அளவோடு, போதனைக்கு உட்பட்டு நம்புகிறீர்கள். அம்மா எந்தப் போதனையும் இல்லாமல் நம்புகிறார். கேட்டது கிடைத்தது அம்மாவுக்குத்தான். இதற்கு விளக்கம் தேடாதீர்கள். பங்குச் சுவாமியிடமும் கேட்காதீர்கள், அவருக்கும் அவருடைய அம்மா இருக்கிறார்.

மதிலுக்கு அந்தப் பக்கம்

உங்கள் வீட்டுச் சத்தம் மதில் தாண்டிப் போகிறது என்று வெட்கப்பட வேண்டாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து தங்கிய மாவட்டம் இது. முன்பிருந்தே முஸ்லிம்கள் நிறைந்த கரையும்கூட. ஆகவே பக்கத்து வீடு அநேகமாக ஒரு முஸ்லிம் வீடு. அங்கே காது கொடுத்துப் பாருங்கள். வாப்பா ஸியாரத்துக்குப் போய் அவுலியாவின் பொருட்டால் துஆ கேட்கிறவர். முஹியத்தீன் மௌலூது ஓதிக் கந்தூரிச் சோறு கொடுத்து வளர்ந்தவர். மகன் தௌஹீத் பயான் கேட்கிறவன், இதெல்லாம் ஷிர்க், அல்லாஹ்விடம் நேரே கேளுங்கள் என்கிறவன். உங்கள் வீட்டில் மறுப்பவர் அப்பா, நம்புகிறவர் மகன். அங்கே திருப்பிப் போட்டிருக்கிறது. வசனங்கள் வேறு, குரல் உயரும் இடம் ஒன்று.

இரண்டு வீட்டாரும் ஆட்களை மாற்றிக்கொண்டால் இரண்டு வீடும் அமைதியாகிவிடும் என்று ஒரு யோசனை எனக்கு உண்டு. நடைமுறைப்படுத்த யாரும் முன்வரவில்லை.

பெருவிழா நாளுக்கான ஆயத்தம்

தலவிலயில் வருடத்தில் இரண்டு விழா, மார்ச்சில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று. பெரியது ஓகஸ்டில். சனம் நாட்கணக்கில் வந்து மரத்தடிகளில் கொட்டில் போட்டுத் தங்கும். சிங்களத்திலும் தமிழிலும் பூசை நடக்கும். கப்பல் உடைந்து கரையேறிய வியாபாரி ஒருவர் மரத்தடியில் அன்னம்மாள் சொரூபத்தை வைத்து, வியாபாரம் செழித்தால் கோயில் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டதாக ஆலயத்தின் கதை ஒன்று. அந்தக் கதையும் ஒரு பேரத்தோடுதான் தொடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? அப்பா கவனிப்பார்.

அம்மாவைக் கூட்டிப்போவதில் கஷ்டமில்லை. உங்களுக்கு முன்னால் வேனில் ஏறி இருப்பார். ஒரே ஒரு எச்சரிக்கை: தேங்காய் கொண்டுவருகிறாரா என்று பையைப் பாருங்கள்.

அப்பா வரமாட்டேன் என்பார். வற்புறுத்தாதீர்கள். பிள்ளைகள் கடலில் இறங்கினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஆலயத்துக்குப் பின்னால் கடல்தான். வந்துவிடுவார். வந்தவரை உள்ளே கூப்பிடாதீர்கள். சொரூபப் பவனி வரும்போது எழுந்து நிற்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்க்காதீர்கள். நின்றால் கால் மரத்துப்போனது என்பார், அதை நம்புங்கள். திரும்பும் வழியில், எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சனம் கூட, மலசலகூடம் காணாது என்று அவர் சொன்னால், முழுக்கச் சரி என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

அப்பாவை விழாவுக்கு இழுக்க இன்னொரு சாட்டும் இருக்கிறது. அன்னம்மாள், சுவக்கீன் திருநாளான யூலை 26க்கு அண்மையில், யூலை மாத நாலாம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகப் பாப்பரசர் பிரான்சிஸ் 2021இல் தொடங்கிவைத்தார். அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் தாத்தாவுக்கு ஒரு சட்டைத்துணி வாங்கிக் கொடுக்கட்டும். யார் ஏற்படுத்திய நாள் என்பதைப் பெட்டியில் எழுத வேண்டாம்.

கடைசியாகச் செய்யவேண்டியது

இதுவரை சொன்ன எல்லாம் என்ன செய்யக்கூடாது என்பதாகவே இருக்கிறது என்று குறைப்படுகிறீர்கள். செய்யவேண்டியது ஒன்றுதான் உண்டு.

உங்கள் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் சபையில் செப விண்ணப்பம் என்று துண்டில் பெயர் எழுதிக் கொடுக்கிறார். பாஸ்டர் வாசிக்க, முழுச்சபையும் முன்பின் தெரியாத ஒருவருடைய சிறுநீரகத்துக்காகக் கைதூக்கிச் செபிக்கிறது. உங்கள் அம்மா முன்னேசுவரத்தில் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்கிறார். நீங்கள் அங்கே இல்லை, அதை நம்புவதும் இல்லை, ஆனாலும் உங்களுக்காக ஒருவர் நின்று கேட்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் வாப்பாவும் மகனும் வேறு எதில் முரண்பட்டாலும், பிள்ளைக்காகத் தாய் தகப்பன் கேட்கும் துஆவில் முரண்படுவதில்லை. உயிரோடு இருக்கிற ஒருவர் இன்னொருவருக்காக வேண்டுவதில் இந்தச் சந்தியில் யாருக்கும் மறுப்பில்லை. சண்டை இறந்தவர்களைப் பற்றியது மட்டும்.

நீங்களோ கடைசியாக எப்போது உங்கள் பெற்றோரிடம் எனக்காகச் செபியுங்கள் என்று கேட்டீர்கள்? தலவிலயில் கேட்டீர்கள், கொச்சிக்கடையில் கேட்டீர்கள், மடுவுக்குப் போய்க் கேட்டீர்கள். வேலை போனதையும், கர்ப்பம் கலைந்ததையும், ஸ்கான் ரிப்போர்ட்டையும் முதலில் அன்னம்மாளிடம்தான் சொன்னீர்கள். அம்மாவுக்கு ஒரு கிழமை கழித்துத் தெரியவந்தது. அப்பாவுக்கு அம்மா சொல்லித் தெரியவந்தது. மத்தியஸ்தர் ஒருவரே என்று அவர் மேசையில் தட்டும்போது, அவர் முழுக்க வேதாகமத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைக்கிறீர்களா?

ஆகவே இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போய்க் கேளுங்கள். அப்பா கண்ணை மூடிச் சத்தமாக, நீளமாகச் செபிப்பார். கடைசியில் ஆமென் சொல்லுங்கள், அது உங்களுக்கும் உரிய சொல்தான். அம்மா திருநீறு கொண்டுவருவார். நெற்றியில் பூசிவிட்டால் துடைக்காதீர்கள்.

ஆனால் தயவுசெய்து, இதைத்தானே நானும் அன்னம்மாளிடம் கேட்கிறேன் என்று மட்டும் அந்த நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் இந்த வழிகாட்டியை முதல் பந்தியிலிருந்து மறுபடியும் படிக்க வேண்டிவரும், ஓகஸ்டுக்கும் அதிக நாள் இல்லை.